ஹர்த்தால் நாளில் காய்ந்த பாவு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, இந்த மில்லில் என்னைவிடப் பயந்த ஆள் யாரும் வேலை பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் பதற்றத்துக்கு வெப்ராளம் என்று சொல்வார்கள். செல்லையன் என்ற என் பெயரை ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் மட்டும்தான் ஒழுங்காகச் சொன்னார். மற்றவர்களுக்கு நான் வெப்ராளம்தான். ஐந்தாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டதுகூட பயத்தால்தான். ஆறாம் கிளாஸ் வாத்தியார் அடிப்பார் என்று கேள்விப்பட்டேன். அவர் அடிக்கிறாரா என்று போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை.

அப்படிப்பட்ட ஆளைக் கூப்பிட்டு, புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் முதலாளி மேடம் கேட்டிருக்கிறார். மெஷினைப் பற்றி நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். நூலுக்குக் கஞ்சி போடும் மெஷின் இங்கே முதன்முதலாக வந்தபோது, வெளியே மேகம் கறுத்ததைப் பார்த்து, கூரைக்குக் கீழே நின்ற அந்த மெஷினை மூட ஒரு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார். அதனால் மெஷினை விட்டுவிடுகிறேன். மெஷின் வருவதற்கு முந்தைய காலத்தில், என் வாழ்க்கையில் மிகவும் பயந்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அதுவே மிகவும் சிரித்த நாளும் என்பதால் எழுத எனக்கும் ஆசையாக இருக்கிறது.

அதற்கு முன்னால் நீங்கள் சம்பளம் வாங்கும் குடும்பத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மேடத்தின் தாத்தாவை நாங்கள் பெரிய முதலாளி என்போம். துணி மூட்டையைத் தலையில் வைத்து நெய்யாற்றின்கரை தொடங்கி வீடுவீடாக ஏறி இறங்கி விற்றவர். விலை பேசும்முன் துணியை விரித்து, வாங்குபவர் கையிலேயே கொடுத்து, "இழுத்துப் பாருங்கோ, கிழிஞ்சா என் தலையில கட்டுங்கோ" என்பார். அப்படிச் சேர்த்ததில் உதியன்குளங்கரைக்கு உள்ளே, ஒரு ஊர்வழியின் ஓரமாகத் தறிச்சாலை கட்டினார். நாங்கள் அதைச் சாலை என்றே சொல்வோம். மெயின் ரோட்டில் கட்டாமல் இங்கே வந்து ஏன் கட்டினார் என்று ஊரே கேலி செய்ததாம். அந்த வழியின் இரண்டு பக்கமும் அயனி மரமும் மாமரமும் நின்றன. காலையில் நல்ல நிழல். பாவு நூலை விரித்துக் காயவைக்க அதுதான் வேண்டும்.

மேடத்தின் அப்பாவை நாங்கள் சின்ன முதலாளி என்போம். கல்லூரி படித்தவர். முரட்டு நூலை விட்டு மெல்லிய நூலில் இறங்க வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு நம் துணியை யாரும் தொடமாட்டார்கள் என்பது அவர் கட்சி. பெரிய முதலாளிக்கு அதில் பாதிச் சம்மதம். ஆனால் வேறொரு விஷயத்தில் இரண்டு பேரும் கீரியும் பாம்பும்.

அது எல்லைப் போராட்டக் காலம். தமிழ் பேசும் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எங்கும் கூட்டம், ஊர்வலம், எல்லாவற்றையும் அடைத்துப் போடும் ஹர்த்தால். எங்கள் ஊர்களில் ஒரே வீட்டுக்குள் இரண்டு அபிப்பிராயம். இந்த வீட்டிலும் அப்படித்தான்.

"துணி வாங்குறவன் பூராவும் திருவந்தரத்துல இருக்கான். நமக்கு எதுக்கு அந்தப் பக்கம்?" என்பார் பெரியவர்.

"நூலு வாறது அந்தப் பக்கத்துலேருந்து. நாம பேசுறது தமிழு. பின்ன நாம எந்தப் பக்கமாக்கும்?" என்பார் மகன்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வார்த்தை முற்றி, இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து நான்தான் தபால்காரன். இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பார்கள். "எலே செல்லையா, அவன்கிட்ட சொல்லு, கிணத்துக் கயிறு அந்து போச்சுன்னு." நான் திரும்பி, "சின்ன முதலாளி, கயிறு அந்து போச்சாம்." "புதுசு வாங்கியாச்சுன்னு அப்பாட்ட சொல்லு." ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூட இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் உட்கார வேண்டும். பாட்டுப் புத்தகம் அவர்களுக்கு ஒன்றுதான். நடுவில் இருந்த நான் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டிக் கொண்டிருப்பேன். என் வேலை பாவு மேஸ்திரி வேலை. ஆனால் அந்த மாதங்களில் பாவைவிட இவர்களுக்கு நடுவில்தான் அதிகம் நின்றேன்.

அந்த நேரத்தில்தான் மெல்லிய நூல் வந்தது. வழியெல்லாம் மறியல் என்பதால் லாரி வரவில்லை. காளைவண்டியில் எங்கெங்கோ சுற்றி வந்து சேர்ந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு மொத்த வியாபாரி, முதல் பாவுத் துணி மனதுக்குப் பிடித்தால் ஓணத்துக்கு எங்கள் எல்லாத் தறித் துணியையும் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் தறிகள் நிற்கும். பெரியவர் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இந்தப் பாவு கெட்டுதுன்னா சாலையப் பூட்டிட்டு நான் பழையபடி மூட்டை தூக்கப் போவேன். அவன்கிட்ட சொல்லு." மகன் பக்கத்தில்தான் நின்றார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாவுக்குக் கஞ்சி போடுவது எப்படி என்று நீண்ட பாடம் நடத்தமாட்டேன். இவ்வளவு தெரிந்தால் போதும். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. அதை வழி நெடுக இடுப்பளவு உயரத்தில் மரக்கால்களின் மேல் இழுத்துக் கட்டுவோம். இரண்டு முனையிலும் கயிற்றைப் பிடித்து இறுக்கவும் தளர்த்தவும் ஆள் வேண்டும். கஞ்சியைத் தடவி, இரண்டு பக்கமும் ஆட்கள் நீளமான நார்ப் பிரஷ்ஷை வைத்து இழுத்துக்கொண்டே நடப்பார்கள். காயும்வரை நடக்க வேண்டும். ஈரத்தில் கை நின்றால் நூலோடு நூல் ஒட்டி அப்பளமாகிவிடும். பிறகு கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது.

பாவு போடக் குறித்த நாளுக்கு முந்தின நாளே நூலை ஊறவைத்து, கஞ்சியும் காய்ச்சியாகிவிட்டது. சாயங்காலம் சேதி வந்தது, நாளைக்கு ஹர்த்தால் என்று.

பெரியவர் கூப்பிட்டார். "ஊறின நூலு நாளைக்கும் கெடந்தா புளிச்சு நாறிப் போவும். நாளைக்குப் பாவு போட்டாகணும்."

வெளியே வந்தால் மகன் நிற்கிறார். "நாளைக்குச் சாலையத் திறந்தா, நான் ஊருல எப்படித் தலை காட்டுவேன்? ஊர்வலத்துல நான் முன்னால நடக்கணும். திறக்கப்படாது."

பாவு கெட்டால் அடி விழுவது மகனுக்குத்தான். மெல்லிய நூல் அவர் கொண்டுவந்தது. இருந்தும் அப்படிச் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். பயந்தவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. என்னென்ன கெடலாம் என்று எல்லாப் பக்கமும் மனது ஓடிப் பார்த்துவிட்டு வரும். அப்படி ஓடும்போது சில சமயம் ஒரு ஓட்டையும் கண்ணில் படும். பாவு விரிப்பது சாலைக்குள் இல்லை, வழியில். சாலைக் கதவைப் பூட்டிவிட்டு வழியில் பாவு போட்டால் இரண்டு பேர் சொல்லையும் கேட்டதுபோல ஆகும். ஊர்வலம் மெயின் ரோட்டில்தான் போகும். அது கிளம்புவதற்குள் நாம் சுருட்டிவிடலாம். இப்படி முடிவு செய்ததும் எனக்குப் பசித்தது.

விடிந்ததும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். ஹர்த்தால் என்பதால் ஆண்கள் பலர் வரவில்லை. கஞ்சி காய்ச்சும் மேரியக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்தார்கள். சர்ச் பக்கத்து முனையில் கயிற்றைப் பிடிக்க என் மச்சினனை இழுத்து வந்தேன். மெயின் ரோட்டுப் பக்கத்து முனைக்கு ஆள் இல்லை. கயிற்றை அயனி மரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது பெரிய முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"கயிறு பிடிக்க மறந்து போச்சான்னு பாக்கேன்," என்றார். பிடித்தார். மறக்கவில்லை.

கஞ்சி தடவி முடித்தோம். அப்போதுதான் வானத்தைப் பார்த்தேன். மேகம் மூடம் போட்டிருந்தது. காற்றும் இல்லை.

"அக்கா, காயாது போலிருக்கே. மழை வந்தா என்ன செய்ய? இந்தப் பசு கையாலை சாடி வந்தா?"

"எலே வெப்ராளம்," என்றாள் மேரியக்கா, "பசு வந்தா நான் பாத்துக்கிடுதேன். நீ வாயை மூடிட்டு பிரஷ்ஷைப் பிடி."

மழைக்குப் பயந்தேன். பசுவுக்குப் பயந்தேன். நாய், காற்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் பயந்தேன். ஊர்வலம் இந்த வழியில் வரும் என்று மட்டும் பயப்படத் தோன்றவில்லை. மெயின் ரோட்டில் போலீஸ் நின்றதால், ஊர்வலம் சர்ச்சைச் சுற்றி எங்கள் வழிக்குள் திரும்பிவிட்டது.

முதலில் சத்தம் கேட்டது. பிறகு கொடி தெரிந்தது. எங்கள் வழியின் இரண்டு பக்கமும் கையாலை என்கிற மண் மதில், ஆள் உயரம். நடுவில் பாவு. ஒரு ஆள் ஒதுங்கி நிற்கலாம், அவ்வளவுதான். முன்னால் வந்தவன் லாசர். எங்கள் சாலையிலேயே நல்ல நெசவுக்காரன். போராட்டத்திலும் அவன்தான் எங்கள் பக்கத்துத் தலைவன். அவன் தோளோடு தோளாகச் சின்ன முதலாளி.

பாவைப் பார்த்ததும் பின்னால் இருந்து குரல்கள் வந்தன. "ஹர்த்தாலன்னைக்கு வேலையா? கருங்காலிப் பயக்க! அறுத்துப் போடுங்கலே!"

சின்ன முதலாளியால் எதுவும் சொல்ல முடியாது. அறுக்க வேண்டாம் என்று சொன்னால் தன் சொத்தைக் காப்பாற்றுகிறார் என்பார்கள்.

ஓடுவதென்றால் எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூடப் பார்த்துவைத்தேன். ஆனால் பிள்ளைகளே, ஈரப் பாவு ஒன்று முன்னால் கிடக்கும்போது ஓட முடியாது. நான் கஞ்சிக் கையோடு போய் லாசருக்கு முன்னால் நின்றேன். நியாயம் பேசவில்லை, கும்பிடவும் இல்லை. என்ன நிலைமை என்று மட்டும் சொன்னேன்.

"லாசரே, கதவு பூட்டியாச்சு, பாத்துக்கோ. சாவி இந்தா இருக்கு. ஆனா இது நனைஞ்சு கெடக்கு. இப்பம் கையை எடுத்தா ஒட்டிப் போவும். காயட்டும். காஞ்ச உடனே சுருட்டி வச்சிட்டு நானும் உங்ககூட வாறேன்."

லாசர் என்னைப் பார்க்கவே இல்லை. பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து விரலால் நூலைத் தொட்டான்.

"யாருலே இந்தப் பக்கம் பிரஷ் போட்டது? கோழி கிண்டுன மாதிரி இருக்கு."

"உம்ம பெஞ்சாதி," என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. பிரஷ்ஷோடு நின்றது அவன் மனைவியேதான். "வீட்டுக்கு வாரும், சொல்லித் தாறேன்."

முன்வரிசை சிரித்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள், என்ன சிரிப்பு என்று எட்டிப் பார்த்தார்கள். சிரித்த கூட்டம் உடனே அறுக்காது என்று எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த நேரத்தில் மெயின் ரோட்டு முனையில் விசில் சத்தம். பெரிய முதலாளிக்குப் பின்னால் போலீஸ். இன்ஸ்பெக்டரும் லத்தியோடு ஆட்களும். லத்தியடியும் துப்பாக்கி வெடியும் நடந்துகொண்டிருந்த காலம் அது. முன்னால் போலீஸ், பின்னால் நெரிசல், இரண்டு பக்கமும் கையாலை. என் மச்சினன் கயிற்றை விட்டுவிட்டுக் கையாலையில் ஏறிக் குதித்து ஒரே ஓட்டம்.

பாவு நடுவில் தொய்ந்து மண்ணைத் தொடப் போனது. நான் "ஐயோ" என்று கத்தினேன். அதற்குள் சின்ன முதலாளி பாய்ந்து கயிற்றைப் பிடித்து, காலைக் கல்லில் உதைத்துக்கொண்டு, உடம்பை மல்லாத்தி இழுத்தார். பாவு எழும்பியது.

வராத ஆட்களின் பிரஷ்கள் கூடையில் இருந்தன. நான் கூடையைத் தூக்கி வந்து லாசர் கையில் ஒன்று திணித்தேன், அவனுக்குப் பின்னால் நின்ற நெசவுக்காரர்கள் கையில் திணித்தேன். "பிடி, பிடி, நிக்காத, நட." அவர்களை அடியிலிருந்து காப்பாற்றினேன் என்று பிற்காலத்தில் பலர் என்னைப் புகழ்ந்தார்கள். சத்தியமாக எனக்கு அந்த யோசனையே இல்லை. பாவு காய வேண்டும், ஆள் போதவில்லை, இங்கே ஆள் நிற்கிறது. அவ்வளவுதான் என் மூளைக்கு எட்டியது.

லாசருக்குப் புரிந்துவிட்டது. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து மெல்லச் சொன்னான். "மக்கா, ஒருத்தரும் ஓடாதீங்கோ. பிரஷ் கிடைச்சவன் பிரஷ் போடு. கிடைக்காதவன் வீசு."

வீசுவதற்கு என்ன இருக்கிறது? துண்டு இருந்தது, கொடி இருந்தது. கொடியை இரண்டு பேர் இரண்டு மூலையில் பிடித்துப் பாவுக்கு மேல் வீச ஆரம்பித்தார்கள். காற்றில்லாத குறை தீர்ந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். மலையாளி. வழி நெடுக ஆட்கள் வரிசையாகப் பிரஷ்ஷை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள், மற்றவர்கள் விசிறுகிறார்கள். அவர் இப்படி ஒரு போராட்டத்தைப் பார்த்திருக்கமாட்டார்.

"எந்தா இவிடெ பரிபாடி?" இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார்.

பெரிய முதலாளி கயிற்றை விடாமல் தலையை மட்டும் திருப்பினார். "பாவு உணக்குகயாணு, சாறே." பாவு காயவைக்கிறோம், சார்.

"இன்னு ஹர்த்தாலல்லே? இவரொக்கெ ஆரா?"

இன்றைக்கு ஹர்த்தால் ஆயிற்றே, இவர்களெல்லாம் யார் என்று கேட்கிறார். போராட்டமே பிடிக்காத மனிதர் பெரிய முதலாளி. அது ஊருக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். என் சாலையை அடைக்க வந்த கூட்டம் என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், லத்தி உயர்ந்திருக்கும். அது பொய்யும் ஆகாது. லாசர் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. அந்த முனையில் மகன் கயிற்றோடு மல்லாந்து நிற்கிறார். இந்த முனையில் அப்பா. நடுவில் பாவு.

பெரியவர் பாவை ஒரு முறை நெடுகப் பார்த்தார்.

"என்றெ பணிக்காரா," என்றார். என் வேலைக்காரர்கள்.

"இத்றயும் பேரோ?" இவ்வளவு பேரா?

"வலிய பாவா, சாறே." பெரிய பாவு, சார்.

இன்ஸ்பெக்டர் கொடியைக் காட்டினார். அது என்ன? மேரியக்கா கஞ்சிப் பானையிலிருந்து தலையைத் தூக்கி, "அது காக்கயெ ஓட்டானா, சாறே," என்றாள். காக்கா விரட்டவாம்! ஒரு போலீஸ்காரர் இருமுவதுபோலக் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

கடைசியாக இன்ஸ்பெக்டர் அந்த முனையைக் காட்டினார். அவரிடம் ஊர்வலத்தின் முன்னால் நடப்பவர்களின் அடையாளம் ஏதோ இருந்திருக்க வேண்டும். "அயாளோ?" அந்த ஆள் யார்?

பெரியவர் அந்த முனையை எட்டிப் பார்த்தார். "அது என்றெ மோன். அவன் கை விட்டால் பாவு போயி, சாறே."

சொல்லி முடிக்கும்போதே பாவு காய்ந்து இறுகி, ஒரு பக்க நூல்கள் முறுக்கேறி முனகின. நான் வாயைத் திறந்தேன். தபால் கொடுக்கும் வழக்கம். எனக்குமுன் அந்த முனையிலிருந்து சத்தம் வந்தது.

"அப்பா! விடுங்கோ, விடுங்கோ! அந்து போவும்!"

"விட்டாச்சுலே! நீ இறுக்கு! பைய! பைய!"

"இம்புட்டு போதுமா?"

"இன்னும் ஒரு சாண்! மாடு மாதிரி இழுக்காத!"

வழி நெடுகப் பிரஷ் போட்டவர்கள் எல்லாரும் ஒரு நொடி நின்றுவிட்டார்கள். இரண்டு பேரும் மாதக்கணக்கில் பேசாதவர்கள் என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். மேரியக்கா என்னைப் பார்த்து, "வெப்ராளம், உன் வேலை போச்சுலே," என்றாள்.

ஹர்த்தாலன்று ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்றால் இன்ஸ்பெக்டருக்கு அது நல்ல சேதிதானே. மேலிடத்துக்கு அப்படியே சொல்லிக்கொள்ளலாம். ஆட்களைத் திருப்பிக்கொண்டு நடந்தார். இருமிய போலீஸ்காரர் மட்டும் போகிற போக்கில் பாவுக்குள் விரலைக் காட்டி, "அவிடெ நனவுண்டு கேட்டோ," என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான். அந்த இடத்தில் ஈரம் இருந்தது.

சுருட்டும் இடத்துக்கு வருவதற்குமுன் மற்றதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கேட்பீர்கள். அந்தப் பாவுத் துணி திருவனந்தபுரத்து வியாபாரிக்குப் பிடித்துவிட்டது. தறிகள் ஓணம்வரை நிற்கவில்லை. பின்னால் எல்லை பிரித்தார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் இந்தப் பக்கம் கேரளத்திலேயே இருந்தோம். சின்ன முதலாளி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பெரியவரும் ஜெயித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் அவரோடு பட்டினி கிடந்தார். பெரியவர் சாகும்வரை இரண்டு பேரும் எல்லையைப் பற்றிச் சண்டை போட்டார்கள், ஆனால் நேருக்கு நேராக, உரக்க. நான் பக்கத்து அறையில் நிம்மதியாகத் தூங்குவேன். மெல்லிய நூலில் கிடைத்த பெயரை வைத்துத்தான் மேடம் விசைத்தறியும் மெஷினும் போட்டு இதை மில் ஆக்கினார். வேலை நிறுத்தம், மின்வெட்டு, சரக்குத் திரும்பி வருவது என்று நீங்களும் எத்தனையோ பார்ப்பீர்கள். ஒரு கூட்டம் கோபமாக உங்கள் முன்னால் வந்து நின்றால் முதலாளியைப் பற்றியோ நியாயத்தைப் பற்றியோ பேசாதீர்கள். கையில் இருக்கிற வேலை எந்த நிலைமையில் இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டுங்கள். அவர்களும் வேலை தெரிந்தவர்கள்தான். பயம் வந்தால் வரட்டும். எனக்கு வராத நாளே இல்லை.

பாவு காய்ந்தது. நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. லாசர் கையால் தட்டிப் பார்த்தான். நல்ல பாவு தட்டினால் மழைத்தூறல்போல ஒரு சத்தம் வரும். வந்தது. கூட்டம் கைதட்டியது. பாதிப் பேர் தலையில் கஞ்சி.

"இனி சாலையப் பூட்டணும் வெப்ராளண்ணே," என்றான் லாசர்.

"காலையிலேயே பூட்டியாச்சுல்லா!"

பாவைச் சுருட்டும் முறை இப்படி. ஒரு முனையில் உருளையில் சுற்றிக்கொண்டே இருப்போம். எதிர் முனையில் கயிறு பிடித்தவர் இறுக்கம் விடாமல் அடி அடியாக முன்னால் நடந்து வர வேண்டும். பெரியவர் நின்ற முனையில் நானும் லாசரும் சுருட்டினோம். அந்த முனையிலிருந்து சின்ன முதலாளி நடந்து வந்தார். அவசரப்பட முடியாது, நிற்கவும் முடியாது. அப்பா பார்த்துக்கொண்டு நிற்கிறார், மகன் வருகிறார், வழியின் இரண்டு பக்கமும் ஊர் ஒதுங்கி நிற்கிறது. சர்ச்சில் மணமகன் நடந்து வருவதற்குக்கூட இவ்வளவு நேரம் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த நீளமெல்லாம் உருளைக்குள் போய், கடைசியில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை அகலம் பாவுதான் மிச்சம்.

மகன் கயிற்றை அப்பா கையில் கொடுத்தார். மகனின் கை கயிறு அறுத்துச் சிவந்திருந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கையைத் துடைப்பார் என்று நினைத்தோம். மகனின் தலையில் இருந்த கஞ்சியைத் துடைத்தார்.

"அடுத்த ஹர்த்தாலு எப்பம்லே?" என்று கேட்டார்.

சண்டைக்குக் கூப்பிடுகிறார் என்று மகன் நினைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்றுகொண்டார். "தெரியாதுப்பா. ஏன்?"

"தெரிஞ்சா அடுத்த பாவையும் அன்னைக்கே போட்டுரலாம். இம்புட்டு ஆளு வேற எந்த நாளையில கிடைக்கும்?"

முதலில் சிரித்தது மகன்தான்.